கனகாம்பர நூல்

கோதண்டம் துணிமூட்டையைத் தோளில் போட்டுக்கொண்டு சி பிளாக் பக்கம் திரும்பி மறைகிற வரைக்கும் விருத்தாம்பா கரியை விசிறிக்கொண்டே நின்றாள். மறைந்தானோ இல்லையோ, குனிந்து, இஸ்திரி வண்டிக்கு அடியில் கரிச்சாக்குக்குப் பின்னால் செருகி வைத்திருந்த பையை இழுத்து எடுத்தாள். ஆறு சட்டை, ஆறு பேன்ட், ரெண்டு லுங்கி. எல்லாம் அவனுடையது. அசோக் நகரில் இந்தப் புங்க மரத்தடியில் வண்டி போட்டு முப்பது வருஷமாக ஊரார் துணியைத் தேய்க்கிறவள், பெற்ற பிள்ளையின் சட்டையை இப்படித் திருட்டுத்தனமாகத் தேய்க்க வேண்டியிருக்கிறது. அரை மணி நேரம் கிடைக்கும். சி பிளாக்கில் லிஃப்ட் உண்டு, ஆனால் கோதண்டம் ஏறமாட்டான். தானாக மூடிக்கொள்ளும் கதவென்றால் அவனுக்கு ஆகாது. நாலு மாடியும் படிதான். ஒவ்வொரு வீட்டிலும் மணியை அடித்துவிட்டு யாராவது வந்து திறக்கிற வரைக்கும் நிற்பான். பூட்டித் தொங்கினாலும் நிற்பான். பக்கத்து வீட்டுக்காரர் எட்டிப் பார்த்து, அவங்க ஊர்ல இல்லப்பா என்று சொன்னால்தான் நகர்வான். முப்பத்தாறு வயசாகிறது, மீசையில் ஒன்றிரண்டு நரைகூட வந்துவிட்டது, புத்தி மட்டும் ஆறு வயசிலோ ஏழு வயசிலோ உட்கார்ந்துகொண்டு எழுந்திருக்க மாட்டேன் என்கிறது. நாளை மறுநாள் ஞாயிற்றுக்கிழமை அவனைக் கடலுக்குக் கூட்டிக்கொண்டு போகிறாள். அது நிஜம், அதில் பொய்யில்லை. கடலைப் பார்த்துவிட்டு, கோவளம் தாண்டி ரோட்டோரத்தில் இவனைப் போன்றவர்களுக்கென்று இருக்கிற இல்லத்தில் அவனை விட்டுவிட்டு அவள் மட்டும் திரும்பி வருவாள் என்பதுதான் அவனுக்குத் தெரியாது.

முதல் சட்டையை விரித்தாள். நீலத்தில் வெள்ளைக் கோடு, போன தீபாவளிக்கு எடுத்தது. தண்ணீர் தெளித்து, காலரைத் திருப்பி, உள்பக்கம் பார்த்தாள். கனகாம்பர நிறத்தில் மூன்று தையல், அரிசி நீளத்துக்கு. நேற்று அவன் பி பிளாக் போயிருந்தபோது போட்டது. இல்லத்துச் சிஸ்டர் போனில் சொன்னதையெல்லாம் ஏ பிளாக் லலிதா மேடம் ஒரு காகிதத்தில் எழுதிக்கொண்டு வந்து படித்துக் காட்டினாள். மேடம் டீச்சராக இருந்து ஓய்வு பெற்றவள். இடத்தை விசாரித்தது, ஃபாரம் நிரப்பியது, எல்லாம் அந்த அம்மாள்தான். ஆறு செட் துணி, தட்டு, டம்ளர், போர்வை, அரசாங்க அட்டை, போட்டோ நாலு. துணி ஒவ்வொன்றிலும் அடையாளம் இருக்கணும், அறுபது பேர் துணியை ஒண்ணா துவைக்கிற இடம் பாருங்க, என்று மேடம் படித்தபோது விருத்தாம்பாவுக்குச் சிரிப்புகூட வந்தது. மீன்குஞ்சுக்கு நீந்தக் கற்றுத்தருவதா? இந்த வளாகத்தில் நாற்பத்து மூன்று வீடு, நாற்பத்து மூன்றுக்கும் அவள் போட்ட அடையாளம் இருக்கிறது. ஏ பிளாக் இரண்டாம் நம்பருக்கு ரெண்டு சிவப்பு. எதிர் வீட்டுக்கு ஒரு சிவப்பு ஒரு கறுப்பு. பி பிளாக் முழுக்கப் பச்சை. ஒரு காலத்தில் வக்கீல் வீட்டு வெள்ளைச் சட்டை டாக்டர் வீட்டுக்கும், டாக்டர் வீட்டுச் சட்டை வக்கீல் உடம்புக்கும் போய் ரகளையானது. அன்றைக்குத்தான் அவள் புருஷன் தட்சிணாமூர்த்தி ஊசியைக் கையில் எடுத்தான். மை குத்தினால் வெள்ளைச் சட்டைக்காரர்கள் முகத்தைச் சுளிப்பார்கள், நூலென்றால் காலருக்குள் இருப்பது கட்டினவளுக்குக்கூடத் தெரியாது. அவள் எழுதப் படிக்கத் தெரியாதவள், தட்சிணாமூர்த்திக்குத் தெரிந்தது கையெழுத்து மட்டும். ஆனால் நூலைத் தடவிப் பார்த்தே வீட்டு வாசலைச் சொல்வார்கள் இரண்டு பேரும். அதைப் பிள்ளைக்கும் சொல்லிக்கொடுத்தான் அந்த மனுஷன். அவன் கற்றுக்கொள்ள மூன்று வருஷம் ஆயிற்று. அடிக்கவில்லை, திட்டவில்லை, தினமும் ஒரே பாட்டு. "நூல் இருந்தா ஊரான் வீடு. நூல் இல்லன்னா நம்ம வீடு." கோதண்டம் வாழ்க்கையில் முழுசாகக் கற்றுக்கொண்டது அது ஒன்றுதான். இன்றைக்கு அவன் பிரித்து அடுக்கினால் ஒரு கைக்குட்டை மாறாது. நாற்பத்து மூன்று வீட்டுத் துணிக்கு நடுவே அம்மாவுடைய ரவிக்கையோ அவனுடைய லுங்கியோ வந்தால், காலரோ ஓரமோ திருப்பிப் பார்த்து, நூல் இல்லையென்றதும் அவன் முகத்தில் ஒரு திருப்தி வரும். நம்மளுது, என்று சொல்லித் தனியாக வைப்பான்.

நூற்கண்டு வாங்கக் கடைக்குப் போனபோது என்ன கலர் என்று கேட்டான் கடைக்காரன். எந்தக் கலரைச் சொல்வது, எல்லாக் கலரும் ஏதோ ஒரு வீட்டுக்குப் போய்விட்டது. கனகாம்பரம்தான் மிச்சம். இன்னொரு வீடு, அவ்வளவுதான், நாற்பத்து நாலாவது வீடு என்று நினைத்துக்கொண்டு வாங்கிவிட்டாள். ஊசியைக் குத்தும்போதுதான் விரல் நின்றது. அவன் சட்டைக்கு நூல் போடுவது அதுதான் முதல் தடவை. கிழிந்ததைத் தைத்திருக்கிறாள், பொத்தான் வைத்திருக்கிறாள், அதெல்லாம் வேறு. அப்புறம் ஆறு சட்டைக்கும் போட்டு முடிக்கிற வரைக்கும் ஒன்றும் தோன்றவில்லை, கடைசி லுங்கியில் முடிச்சைப் பல்லால் கடித்து அறுத்தபோது நாக்கில் நூல் ருசி தட்டியது, எழுந்து போய் வாய் கொப்பளித்தாள். சரி, சட்டை முடிந்தது. மடித்து இடது பக்கம் வைத்தாள். அடுத்தது. ஞாயிற்றுக்கிழமை ஆறு மணிக்கெல்லாம் கிளம்பிவிட வேண்டும். தி.நகர் போய் மாமல்லபுரம் பஸ்ஸைப் பிடித்தால் உட்கார இடம் கிடைக்கும். இடது பக்கம் உட்கார வேண்டும், அந்தப் பக்கம்தான் கடல் தெரியும் என்று வாட்ச்மேன் சொன்னார். ஜன்னலோரம் அவனுக்கு. மேடம் காரிலே கொண்டுபோய் விடுகிறேன் என்றாள். நல்ல மனசு, இல்லையென்று சொல்லவில்லை. ஆனால் கார்க்கதவை மூடினால் அவன் கத்துவான், அதுவுமில்லாமல் காரில் போனால் ஒரு மணி நேரத்தில் வாசலில் கொண்டுபோய் நிறுத்திவிடும். பஸ் நின்று நின்று போகட்டும். புளிச்சாதம் கிளறிக்கொள்ளலாம், கெடாது. உருளைக்கிழங்கை வறுத்துக்கொள்ளலாம். நாலு வடை. தண்ணீர் பாட்டில் ரெண்டு. டப்பா ரெண்டு. சாப்பிட்டதும் டப்பா ரெண்டையும் அவள்தான் கழுவித் தூக்கிக்கொண்டு வர வேண்டும். ஒரே டப்பாவில் கட்டிவிட்டால் என்ன? அவனுக்குத் தனி டப்பா இல்லாவிட்டால் கேட்பான். ரெண்டே இருக்கட்டும்.

கடல் முதலா, இல்லம் முதலா என்பதில்தான் ஒரு வாரமாக மாட்டிக்கொண்டு நிற்கிறாள். நாலு மணிக்குள் வந்துவிட வேண்டும் என்று சிஸ்டர் சொல்லியிருக்கிறார்கள். கடலுக்கு முதலில் போனால் அவன் இறங்காமல் விடமாட்டான். பேன்ட்டெல்லாம் நனைந்து, மண் ஒட்டி, கப்படித்துக்கொண்டு போய் நின்றால் முதல் நாளே என்ன நினைப்பார்கள், இப்படியொரு அழுக்குப் பிள்ளை என்று நினைத்துவிட்டால் அந்த முகத்தோடுதானே அவனிடம் பழகுவார்கள். மாற்றுத் துணி கொண்டு போகலாம். எந்தத் துணி? பையில் இருப்பது ஆறு செட், அதில் ஒன்றை எடுத்துப் போட்டால் அங்கே ஐந்துதான் இருக்கும். நனைந்ததை அவள் வீட்டுக்குக் கொண்டுவந்து துவைத்தால் நூல் போட்ட சட்டை ஒன்று வீட்டுக் கொடியில் தொங்கும். நூல் போடாததை மாற்றிவிட்டுப் போனால் அது அங்கே அறுபது பேர் துணியில் கலந்து காணாமல் போகும். இதற்குமேல் யோசனை நகரமாட்டேன் என்கிறது, சுற்றிச் சுற்றி இந்தப் பேன்ட்டிலேயே வந்து நிற்கிறது. இல்லத்துக்கு முதலில் போவதென்றால் கடலே கிடையாது. அவனை விட்டுவிட்டு அவள் தனியாகக் கடலைப் பார்க்கவா போகிறாள். சொன்ன சொல் பொய்யாகிவிடும். அவன் வீடு வீடாகப் போய்ச் சொல்லிவிட்டான் வேறு. ஒரு வாரமாக எந்த வாசலில் துணி கொடுத்தாலும், ஞாயிறு கடலுக்குப் போறோம், திங்கக்கிழமைதான் துணி, என்கிறான். பி பிளாக் பொண்ணு ஒருத்தி பழைய தொப்பி ஒன்றைக் கொடுத்து, வெயில்ல போட்டுக்கோங்கண்ணா என்றிருக்கிறது. அதை மூன்று நாளாகத் தலையைவிட்டு இறக்கவில்லை, தூங்கும்போதும் அதோடுதான். நேற்று மாடியிலிருந்து ஒரு அம்மாள், என்ன விருத்தாம்பா, டூர் எல்லாம் போறியாமே, எங்களையும் கூட்டிட்டுப் போகக் கூடாதா என்று கேட்டாள். விருத்தாம்பா சிரித்தாள். பல்லைக் காட்டிச் சிரித்தாள். ஊரார் வாயில் அது உல்லாசப் பயணமாகிவிட்டது, இனி ஞாயிற்றுக்கிழமை மத்தியானத்துக்கு மேல் தனியாக இந்தத் தெருவுக்குள் எப்படி நுழைவது? மேடம் ஒருத்திக்குத்தான் விஷயம் தெரியும். மேடம் சொல்லமாட்டாள். திங்கட்கிழமை துணி கொடுக்க அவளே மாடி ஏறும்போது ஒவ்வொரு வாசலிலும் கேட்பார்கள், தம்பி எங்கே, கடல் எப்படி இருந்தது என்று.

பெட்டியில் அனல் குறைந்தது. மூடியைத் திறந்து ரெண்டு துண்டு கரி போட்டு விசிறினாள். இடது தோளிலிருந்து முழங்கை வரைக்கும் ஒரு இழுப்பு. அதுவா இது? இல்லை, விசிறினதால் வந்தது. அதாக இருந்தால் தாடை வலிக்கும். மாசி மாதம் தாடையில்தான் முதலில் வந்தது, பல்வலி என்று நினைத்து ஒரு கிராம்பை அடக்கிக்கொண்டு தேய்த்துக்கொண்டிருந்தாள். அப்புறம் தெரியவில்லை. இதே மரத்தடியில், இதே மண்ணில், வண்டிச் சக்கரத்துக்குப் பக்கத்தில் விழுந்து கிடந்திருக்கிறாள். கோதண்டம் பார்த்திருக்கிறான். அம்மா தூங்குகிறாள் என்று நினைத்திருக்கிறான். தூங்குகிறவளுக்குப் போர்த்த வேண்டும் என்று தெரிந்திருக்கிறது பாவம். அடுக்கில் பெட்ஷீட் கிடந்திருக்கிறது, எடுத்திருக்கிறான், ஓரத்தைத் திருப்பிப் பார்த்திருக்கிறான், நூல் இருந்திருக்கிறது. ஊரான் வீட்டுத் துணி. மடித்து வைத்துவிட்டான். அடுத்ததை எடுத்துப் பார்த்தான், அதிலும் நூல். இப்படி அந்த அடுக்கு முழுவதையும் ஒவ்வொன்றாகப் பார்த்து, கடைசியில் அவனுடைய துண்டைக் கொண்டுவந்து போர்த்தி, பக்கத்திலே உட்கார்ந்து ஈ ஓட்டிக்கொண்டிருந்திருக்கிறான். வாட்ச்மேன் டீ குடிக்க வந்தவர் பார்த்துத்தான் ஆட்டோ பிடித்தது. எவ்வளவு நேரம் கிடந்தாளோ, முக்கால் மணி இருக்கும் என்றார்கள் ஆஸ்பத்திரியில். நாலு நாள் படுத்திருந்தாள். அந்த நாலு நாளும் அவன் காலையில் வந்து ஆறிப்போன பெட்டிக்குப் பக்கத்தில் நின்றிருக்கிறான், சாயங்காலம் யாராவது வீட்டுக்குத் தள்ளிக்கொண்டு போனால் போயிருக்கிறான், சோறு போட்டால் தட்டைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறான். அவள் திரும்பி வந்தபோது கன்னம் ஒட்டிப்போய் நின்றான். இன்னொரு தடவை அட்டாக் வந்தால் சொல்ல முடியாதும்மா, கனமான வேலை கூடாது, என்றார் டாக்டர். கனமான வேலை என்றால் எது டாக்டரே, இஸ்திரிப் பெட்டியா, இவனா என்று கேட்க நினைத்தாள்.

செத்துப்போவதில் அவளுக்குப் பயமில்லை. அறுபத்தொன்று ஆகிறது, பார்த்தது போதும். பயமெல்லாம் அந்தத் துண்டுதான். வீட்டுக்குள்ளே, கதவைச் சாத்திக்கொண்டு படுத்த இடத்தில் அவள் போய்விட்டால், அவன் துண்டைப் போர்த்திவிட்டுப் பக்கத்தில் உட்கார்ந்துகொள்வான். ஒரு நாள் உட்காருவான், ரெண்டு நாள் உட்காருவான். பூட்டின வாசலில் நிற்கிற பிள்ளை அல்லவா. யாராவது வந்து, அவங்க இல்லப்பா என்று சொல்கிற வரைக்கும் ஈ ஓட்டிக்கொண்டே இருப்பான். அரக்கோணத்தில் மகள் கலைவாணி இருக்கிறாள். போனில் அழுதாள். நான் பாத்துக்கறேன்னு சொல்ல வாய் வருதும்மா, ஆனா வீட்ல இடம் வரலியே என்றாள். அவளுக்கு மாமியார் படுத்த படுக்கை, புருஷன் வாய் நீளம், ரெண்டு பொட்டைப் பிள்ளைகள் வளர்ந்து நிற்கின்றன. அவளைக் குற்றம் சொல்ல முடியாது. குற்றம் சொன்னால் மட்டும் இடம் வந்துவிடுமா. தான் உயிரோடு இருக்கும்போதே, தன் கையால் ஓரிடத்தில் வைத்துவிட்டுப் போனால் அவன் பழகிக்கொள்வான், பழகுகிறதைப் பார்த்துவிட்டும் போகலாம் என்று மேடம் சொன்னது நியாயம்தான். நியாயத்துக்கென்ன, அது பாட்டுக்கு நியாயமாக இருக்கிறது. பெத்த மனம் பித்து என்பார்கள். இவள் மனசு பித்துமில்லை, கல்லுமில்லை, கணக்காக ஆறு செட் துணியை எடுத்து நூல் போட்டது பார், அதை என்ன மனசென்று சொல்வது என்று அவளுக்கே தெரியவில்லை.

முதல் ஒரு மாதம் பார்க்க வரக் கூடாதாம். வந்தால் ஏங்குவார்களாம், பழகமாட்டார்களாம். ஒரு மாதம் என்பது எத்தனை நாள் என்று அவனுக்குச் சொல்ல முடியாது. அவனுக்குத் தெரிந்ததெல்லாம் துணி கொடுக்கிற நாள், துணி எடுக்கிற நாள். திங்கள் கொடுத்தால் வியாழன் எடுக்கலாம், கொடுத்த துணி அழுக்காகித் திரும்பி வரும், தேய்த்துத் திரும்பக் கொடுக்க வேண்டும், இதுதான் அவன் உலகம். போனது எதுவும் போய்விடாது. தட்சிணாமூர்த்தி செத்தபோதுகூட வியாழக்கிழமை வருவாரா என்று கேட்டவன். வியாழன் வியாழனாகக் கேட்டான், மூன்று மாதம் கேட்டான், அப்புறம் நிறுத்திவிட்டான், நிறுத்தியபோதுதான் அவள் அழுதாள். நாலாவது சட்டை. மஞ்சள் கட்டம். இது அவனுக்கு உயிர். காணும் பொங்கலுக்கு மெரினா போனபோது போட்டிருந்ததும் மஞ்சள்தான், இது இல்லை, அது சின்னது. பத்து வருஷம் இருக்கும், அவனுக்கு மீசை முளைத்து எத்தனையோ காலமாகிவிட்டது அப்போது. தட்சிணாமூர்த்தியும் இருந்தான். கடல் தெரியவில்லை, தலைதான் தெரிந்தது, அவ்வளவு ஜனம். குழந்தைகள் தொலைந்து போகாமலிருக்க ஒரு பெண் போலீஸ் மேஜை போட்டு உட்கார்ந்து, ஒவ்வொரு குழந்தை மணிக்கட்டிலும் அப்பா அம்மா போன் நம்பர் எழுதின பட்டையைக் கட்டிக்கொண்டிருந்தது. கோதண்டம் அந்த வரிசையில் போய் நின்றுவிட்டான். முன்னாலும் பின்னாலும் இடுப்பளவு பிள்ளைகள், நடுவில் இவன். சிரித்தார்கள் சுற்றி நின்றவர்கள். விருத்தாம்பா வெட்கத்தில் அவனை இழுத்தாள், வரமாட்டேன் என்றான். அந்தப் பெண் போலீஸ் மட்டும் சிரிக்கவில்லை. "நம்பர் சொல்லும்மா" என்றது. கட்டிவிட்டது. கடலுக்குள் இறங்க விடமாட்டார்கள் அன்றைக்கு, தூர நின்று பார்த்ததோடு சரி. ஆனால் அந்தப் பட்டையை அவன் கழற்றவே இல்லை. குளிக்கும்போது கையைத் தூக்கிக்கொள்வான். எழுத்து அழிந்து, நைந்து, ஒரு நாள் தானாக விழுந்தது. விழுந்ததை எடுத்துக்கொண்டு வந்து அம்மாவிடம் கொடுத்து, திரும்பக் கட்டு என்றான். அவளுக்கு நம்பர் எழுதத் தெரியாது. ஒரு நூலைக் கட்டிவிட்டிருக்கலாம். அப்போது தோன்றவில்லை.

அங்கே இருப்பவர்களுக்கு என்ன தெரியும்? கதவு தானாக மூடினால் கத்துவான் என்று மேடத்திடம் சொல்லி எழுதச் சொல்ல வேண்டும். ரசத்தில் கறிவேப்பிலை கிடந்தால் சாப்பிடமாட்டான். இடி இடித்தால் கட்டிலுக்கு அடியில் போய்விடுவான், இழுக்கக் கூடாது, பக்கத்தில் உட்கார்ந்தால் போதும், தானாக வருவான். தூங்கும்முன் யாராவது ஒரு துணியைக் கையில் கொடுத்து மடிக்கச் சொன்னால் மடித்து முடிக்கிறதுக்குள் கண் சொக்கும். இதையெல்லாம் ஒரு காகிதத்தில் எழுதிவிட முடியுமா? முப்பத்தாறு வருஷத்தை எழுதினால் மேடத்துக்குக் கை வலிக்காதா? அப்புறம் அந்த வாசல். கேட் இருக்கும், பெரிய கேட். அவள் வெளியே போனதும் அவன் கேட்டுக்கு உள்பக்கம் நிற்பான். மணி இருக்கிறதோ இல்லையோ, நிற்பான். பக்கத்து வீட்டுக்காரர் எட்டிப் பார்த்து, அவங்க இல்லப்பா என்று சொன்னால்தான் நகர்வான் என்பது அங்கே யாருக்குத் தெரியும்? யாராவது வந்து சொல்ல வேண்டும். அதை எழுதச் சொல்ல வேண்டும், முதலில் அதை எழுதச் சொல்ல வேண்டும், மத்ததெல்லாம் அப்புறம். அவங்க இல்லப்பா என்று ஒரு தடவை சொல்லிவிடுங்கள், அவன் வந்துவிடுவான். அதையும் சொல்லிவிட்டால் அப்புறம் அவள் இல்லைதானே. உயிரோடு இருக்கும்போதே இல்லையென்று எழுதிக் கொடுக்கிறாள். பேன்ட் முடிந்தது. இன்னொரு பேன்ட். கை தானாக ஓடிக்கொண்டிருந்தது, அதற்கென்ன தெரியும், அது முப்பது வருஷமாகச் செய்வதைச் செய்தது. தண்ணீர் தெளித்தது, தேய்த்தது, மடித்தது, இடது பக்கம் அடுக்கியது. வெயில் புங்க மர நிழலைத் தாண்டி வண்டிக் காலுக்கு வந்திருந்தது. கடலில் இந்நேரம் காற்று வீசும். முழங்கால் அளவு நின்றால் போதும், அதற்குமேல் விடக் கூடாது, கையைப் பிடித்துக்கொள்ள வேண்டும். கையை எப்போது விடுவது?

"மூணாவது மாடி அக்கா இல்லம்மா. ஊருக்குப் போச்சாம்."

அவள் நிமிர்ந்தாள். கோதண்டம் வந்து நின்றான், தொப்பி காது வரை இறங்கியிருந்தது, நெற்றியெல்லாம் வேர்வை. எப்போது வந்தான்? பை கரிச்சாக்குக்குப் பின்னால்தான் இருந்தது, காலியாக. தேய்த்த பதினாலும் இடது பக்கத்துப் பலகையில் அடுக்கியிருந்தன. கொடுக்க வேண்டிய துணி வைக்கிற பலகை அது. கை பாட்டுக்கு அங்கே வைத்துவிட்டிருக்கிறது. எடுத்துவிடலாம் என்று ஒரு கை நீண்டது. அதற்குள் அவன் ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்துவிட்டான், உட்கார்ந்தால் அடுக்கைப் பிரிப்பான், அது அவன் வேலை, அந்த வேலையில் அவனை யாரும் தடுத்ததில்லை. மேலே இருந்தது லுங்கி. எடுத்தான். அவனுடைய லுங்கி, அவனுக்குத் தெரியும், முகத்தில் அந்தத் திருப்தி வரத் தொடங்கியது. ஓரத்தைத் திருப்பினான். விரல் நின்றது.

லுங்கியை மடியில் வைத்துக்கொண்டு அடுத்ததை எடுத்தான். பேன்ட். இடுப்புப் பட்டையைத் திருப்பினான். அதையும் வைத்தான். ஒவ்வொன்றாக எடுத்துப் பார்த்துக்கொண்டே போனதில் மஞ்சள் கட்டம் வந்தது. அதைக் கொஞ்ச நேரம் பார்த்தான், காலரைத் திருப்பி நூலை விரலால் தடவினான், ஒன்று, ரெண்டு, மூன்று. பிறகு தான் போட்டிருந்த சட்டையின் காலரை இழுத்து, கழுத்தை வளைத்து உள்ளே பார்த்தான். அதில் ஒன்றுமில்லை. விருத்தாம்பா பெட்டியைத் தாங்கியில் வைத்தாள். ஏதாவது சொல்லிவிட வேண்டும், தப்பா போட்டுட்டேன், பிரிச்சிடறேன் என்று சொன்னால் போதும், பிளேடு இருக்கிறது, பத்து நிமிஷ வேலை. ஆனால் பிரித்துவிட்டால் மறுபடி எப்போது போடுவது?

"இது யாரு வீடும்மா?" என்றான்.

அவன் முகத்தில் கோபமில்லை, அழுகையில்லை. புது வீட்டு நூல் ஒன்றைப் பார்த்தால் கேட்பதைப் போலத்தான் கேட்டான். புது வீட்டு நூலென்றால் ஒரு தடவை சொன்னால் போதும், அப்புறம் மறக்கமாட்டான்.

"கடலாண்ட ஒரு வீடு" என்றாள்.

தலையை ஆட்டிக்கொண்டான். கனகாம்பரம், கடலாண்ட வீடு, என்று ரெண்டு தடவை தனக்குள் சொல்லிக்கொண்டான். பலகையில் மற்ற வீட்டு அடுக்குகளுக்குப் பக்கத்தில் புதிதாக ஒரு இடம் ஒதுக்கி, சட்டையெல்லாம் ஒரு பக்கம், பேன்டெல்லாம் ஒரு பக்கம், லுங்கி ரெண்டும் மேலே என்று வைத்தான். மஞ்சள் கட்டத்தை வைக்கும்போது மட்டும் உள்ளங்கையால் ஒரு தடவை நீவினான். மூட்டை கட்டுகிற பழைய வேட்டியை விரித்து, நாலு முனையும் சேர்த்து, அவன் அப்பா சொல்லிக்கொடுத்த முடிச்சைப் போட்டு இழுத்துப் பார்த்தான். கனமாக இருந்தது போல, ரெண்டு கையாலும் தூக்கி ஓரமாக வைத்தான். வேலை முடிந்த நிம்மதியில் தொப்பியைக் கழற்றி முகத்தைத் துடைத்துக்கொண்டான்.

"ஞாயித்துக்கிழமை கடலுக்குத்தானம்மா போறோம்" என்றான். "அப்பவே குடுத்துட்டு வந்துடலாம்."

விருத்தாம்பா பெட்டியைத் தூக்கினாள். தேய்க்க ஒன்றும் இல்லை.

"சரிப்பா" என்றாள்.